வெளியே வராத கேட்கீப்பர்

பழைய பருத்திப் புடவைத் துணியில் சுற்றி ஒயர் கூடையில் எடுத்து வந்த சாமானை வள்ளிக்கண்ணு அற்புதசாமியின் மேஜையில் இறக்கி வைத்தாள். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறி, மன்னார்புரம் வந்து சேர்வதற்குள் எத்தனை பேருடைய முழங்கையிலிருந்து அதைக் காப்பாற்றியிருப்பாளோ தெரியாது. காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் ஏதோ சாமி விக்கிரகம் என்று நினைத்து, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அற்புதசாமி பழைய பொம்மை ரயில் சாமான்களைப் பழுதுபார்க்கிறவர். ரயிலையே கொண்டுபோய்க் கொடுத்தால் தொடமாட்டார். ரயிலைச் சுற்றி வைக்கிற சாமான்கள்தான் அவருடைய ராஜ்ஜியம். கைகாட்டி, விளக்குக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, பிளாட்பாரம், லெவல் கிராசிங். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற வசதியானவர்கள் பஞ்சில் பொதிந்து அனுப்புவார்கள். துருவைப் போக்கி, விட்டுப்போனதைப் பற்றவைத்து, அணைந்த விளக்கை எரியவைத்துத் திருப்பி அனுப்புவார். சிலர் வெள்ளைக்காரன் ஸ்டேஷனை நம் ஊர் ஸ்டேஷனாக மாற்றித் தரச் சொல்வார்கள். மஞ்சள் பலகை எழுதி, வேப்பமரம் நட்டு, அதையும் செய்வார். கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். தன்னைப் போல ஓர் ஆள் இந்தியாவிலேயே இல்லை என்பதை, வந்தவர்களுக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்.

துணியைப் பிரித்ததும் அந்த வாய் நின்றுபோனது.

இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற தகர வீடு. சிவப்பு ஓடு, பச்சை ஜன்னல், ஜன்னலில் பூந்தொட்டி, எல்லாம் தகரத்திலேயே அச்சடித்தது. தண்டவாளத்தில் ரயில் வரும்போது அதன் கனத்தில் ஒரு தகடு அமுங்கும். அமுங்கினால் கரண்ட் பாயும். வீட்டின் கதவு திறந்து, கையில் விளக்கோடு கேட்கீப்பர் வெளியே வந்து நிற்பான். ரயில் போனதும் உள்ளே போய்விடுவான். அவன் பிழைப்பு அவ்வளவுதான்.

"எங்கம்மா கிடைச்சுது இது? ஜெர்மன்காரன் வேலை. அறுபது எழுபது வருஷம் இருக்கும்."

"எங்க வீட்டுக்காரரோடது. ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஏதோ பங்களா சாமானை ஏலம் விட்டப்ப எடுத்தாராம்."

அற்புதசாமி கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கூரையைக் கழற்றி உள்ளே பார்த்தார். "இந்த ஆளு நீலக் கோட்டு போட்டவன்மா. யாரு இவனுக்கு காக்கி அடிச்சது?"

"அவருதான்."

"இந்த சிவப்புத் தலப்பா?"

"அதுவும் அவருதான். என் பொண்ணோட நெயில் பாலிஷ்."

அற்புதசாமி தலையில் அடித்துக்கொண்டார். "எடுத்துரட்டுமா? கீழ பழைய பெயிண்ட் பத்திரமா இருக்கும். ஸ்பிரிட்ல மெதுவா தொடச்சா வந்துரும்."

"வேணாங்க. அப்படியே இருக்கட்டும். அவருக்கு அடையாளம் தெரியணும். விட்டுப்போன இடத்துல மட்டும் அதே காக்கிய அடிச்சு விடுங்க."

அவர் கதவைத் திறக்கவைக்கிற காந்தக் காயிலைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். கருகிய வாசனை. முடி போன்ற செம்புக் கம்பியில் புதிதாகச் சுற்ற வேண்டும், கதவுக் கீலில் துரு, மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும், உப்புத்தாள் போடுகிறவன் கையை வெட்டலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். "எங்கிட்ட வந்துட்டீங்கள்ல, விடுங்க. அடுத்த வாரம் பாருங்க, பட்டாளத்துக்காரன் மாதிரி டக்குனு வந்து நிப்பான்."

"எல்லாம் பண்ணுங்க சார். புதுசாட்டம் ஆக்கிடுங்க. ஆனா ஒண்ணு." வள்ளிக்கண்ணு தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன் வெளிய வரக்கூடாது."

அற்புதசாமி லென்ஸைக் கழற்றினார்.

அவருக்கு அவள் காரணம் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்தால் போதும்.

வள்ளிக்கண்ணு துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ரங்கசாமியைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஊரே, ஸ்டேஷன் மாஸ்டர் மாப்பிள்ளை என்று மெச்சியது. குடி இல்லை, சீட்டு இல்லை, அடி உதை இல்லை. பொம்மை ரயில் ஒன்றுதான் அவருக்குப் பைத்தியம். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் வீடு கட்டியபோது சமையலறையைச் சுருக்கி ரயில் அறையைப் பெரிதாக்கினார். அந்த அறையின் வாசற்காலில் ஒரு பழைய பொம்மைக் கைகாட்டியை ஆணியடித்து மாட்டினார். கை நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ரயில் ஓடுகிறது, யாரும் வரக்கூடாது. ரயில் ஸ்டேஷனில் வந்து நின்ற பிறகு அவர் உள்ளேயிருந்து நூலை இழுப்பார், கை இறங்கும். அதற்குப் பிறகுதான் வீட்டு மனுஷர்கள் காலெடுத்து வைக்கலாம்.

வருகிறவர்களெல்லாம் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மாஸ்டர் வீட்டில் காப்பிக்கே சிக்னல் வேண்டுமாம் என்று சொல்லிச் சொல்லி ரசித்தார்கள். காப்பியோடு நின்றவளை யாரும் ரசிக்கவில்லை. டம்ளரில் ஏடு படியும். கை இறங்கும். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்பார். அவள் போய் மறுபடி போட்டுக்கொண்டு வருவாள். மறுபடி கை நீட்டியிருக்கும்.

தள்ளிக்கொண்டு உள்ளே போகவேண்டியதுதானே என்று தோன்றும். தோன்றுவது சுலபம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அப்படிப் போயிருக்கிறாள். அவர் கையை ஓங்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் சமைத்ததைத் தொடாமல் ஓட்டலில் சாப்பிட்டு வந்தார். அந்த ஒரு மாதமும் அண்டை அயலாரோடு வாசலில் நின்று வாய் நிறையச் சிரித்துப் பேசினார். அடித்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள்.

செல்போன் வராத காலத்தில் அந்த அறையில்தான் டெலிபோனும் இருந்தது. ஒரு சாயங்காலம் அது அடித்தது. கைகாட்டி நீட்டிக்கொண்டிருந்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. "என்னங்க, போன் அடிக்குதுங்க" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். உள்ளேயிருந்து பதில் இல்லை. மூன்றாவது முறை அடித்தபோது அவர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். ரயில் நேரம் தவறக்கூடாதல்லவா. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் துறையூரில் அவளுடைய அம்மா போய்விட்ட செய்தி தெரிந்தது. மகள் வரட்டும் என்று மதியம்வரை போட்டுவைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவள் போய் இறங்கியபோது சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மட்டும் உயிர் திரும்பி வந்திருக்குமா?" என்றார் ரங்கசாமி. திரும்பி வருகிற பஸ்ஸில், எல்லோருக்கும் கேட்கும்படி, நியாயம் பேசுகிற குரலில் சொன்னார்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. வலது பக்கம் இருப்பது எதுவும் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் புத்தி மழுங்கவில்லை. சொல்வது புரியும். நரம்புப் பயிற்சி கொடுக்க வருகிற பாசில்தான், "ஐயாவுக்கு எதுல ஆசையோ அதைச் செய்ய விடுங்கம்மா, இடது கைக்காவது வேலை இருக்கட்டும்" என்று சொல்லி, சக்கர நாற்காலியோடு ரயில் அறைக்குள் தள்ளிக்கொண்டுபோனான். அவர் இடது கையால் குமிழைத் திருகினார். ரயில் ஓடியது. கேட்கீப்பர் வெளியே வந்தான். ரங்கசாமி கோணல் வாயோடு சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு விடிவதே அந்தத் தகர ஆளுக்காகத்தான். சோறு இறங்குவதும் அவனைப் பார்த்த பிறகுதான்.

ஒருநாள் அவன் வரவில்லை. புகைந்த வாசனை வந்தது, அவ்வளவுதான். ரங்கசாமி ரயிலை மறுபடி மறுபடி சுற்றவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் மூடிய கதவையே பார்த்தார். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, வந்துவிடுவான் வந்துவிடுவான் என்று பார்த்தார். பின்னால் நின்றிருந்த வள்ளிக்கண்ணு அந்த முகத்தைப் பார்த்தாள். யாருடைய முகம் அது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. காப்பி டம்ளர் ஒன்றுதான் கையில் இல்லை.

அது அவளுக்குப் பிடித்திருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் மூன்றாம் நாள் அவர் பார்ப்பதை விட்டுவிட்டார். கெட்டுப்போன சாமான், இனி வராது என்று புரிந்துகொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாடு நின்றது. ஓசூரிலிருந்து மகள் பானுப்ரியா போன் பண்ணி, "அப்பா பாவம்மா, யார்ட்டயாவது குடுத்து அதை சரி பண்ணு" என்றாள். சரி பண்ணத்தான் வேண்டும் என்று வள்ளிக்கண்ணுவுக்கும் தோன்றியது. கெட்டுப்போனதற்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள். புதுசாக, பளபளவென்று, இப்போது வந்துவிடும் என்கிற மாதிரி இருந்தால்தான் காத்திருப்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்கினாள்.

அற்புதசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேலை செய்யாத சாமான் என் கையிலேருந்து வெளிய போகாதும்மா. வேற ஆளைப் பாருங்க."

"வேற ஆளு இல்லைன்னுதானே வந்தேன்."

அந்தச் சொல்லில் அவர் குளிர்ந்துபோனார். அவள் முகத்தைப் பார்த்து ஏதோ யோசித்தார். புருஷன் பெண்டாட்டி சண்டை, வயசான காலத்துக் கோபம், நாலு நாளில் தணிந்துவிடும் என்று அவராகவே முடிவு கட்டினார். மனுஷர் மனசையும் காயில் மாதிரி கழற்றிச் சுற்றி மாட்டத் தெரியும் என்பது அவர் நினைப்பு.

"ஒண்ணு பண்ணித் தரேன். தனியா ஒரு ஒயர் இழுத்து, காலிங்பெல் ஸ்விட்ச் மாதிரி ஒண்ணு வச்சுத் தரேன். அது உங்க கையில இருக்கட்டும். நீங்க அமுக்கிப் பிடிச்சிருந்தா ரயில் வர்றப்ப ஆளு வருவான். அமுக்கலேன்னா வரமாட்டான். கோவம் போனதும் நீங்களே அமுக்குவீங்க பாருங்க. அப்ப இந்த அற்புதசாமிய நெனச்சுக்குவீங்க."

வரவே கூடாது என்று கேட்க வந்தவள் அவள். வரலாம், வராமலும் இருக்கலாம், அது உன் இஷ்டம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அதுவரை அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நல்ல மனுஷன்தான் சொல்லிக்கொடுத்தார்.

"சரிங்க. ஒயர் நீளமா இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த வாரம் அற்புதசாமியே வந்து பூட்டிக் கொடுத்தார். வேலையைக் குறை சொல்ல முடியாது. ஓட்டின் சிவப்பு கண்ணைப் பறித்தது. கதவுக் கீலில் துருவின் சுவடே இல்லை. விட்டுப்போன காக்கியை ஒற்றை முடிப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு நிரப்பியிருந்தார். கேட்கீப்பரின் முகத்துக்குக் கண்ணும் மீசையும் கூட வைத்திருந்தார். ரங்கசாமி இடது கையால் அந்தக் கூரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, அற்புதசாமியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.  அற்புதசாமி போகும்போது வாசலில் வள்ளிக்கண்ணுவிடம், "சும்மா ஒண்ணு ரெண்டு நாள் விளையாடுங்க, அப்பறம் அமுக்கிருங்க" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

வள்ளிக்கண்ணு நாற்காலியின் வலது பக்கத்தில், அவர் கண்ணுக்கு எட்டாத இருட்டில், முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்விட்சைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

ரயில் கிளம்பியது. ஸ்டேஷனைத் தாண்டி, குகையில் புகுந்து வெளிப்பட்டு, கேட்டை நெருங்கியது. ரங்கசாமி கழுத்தை நீட்டினார். ரயில் போய்விட்டது. கதவு சும்மா இருந்தது. அவர் முனகினார்.

"வருவான், வருவான். பொறுங்க. இப்பதானே சரி பண்ணியிருக்கு" என்றாள் அவள், ரொம்ப அன்பாக.

மறுபடி வந்தது. மறுபடி போனது. அவர் நெற்றியில் வேர்வை முத்துமுத்தாகக் கட்டியது. இனிமேல் திரும்பிக்கொண்டுவிடுவார் என்று தெரிந்த நிமிஷம் பார்த்து அவள் அமுக்கினாள். கேட்கீப்பர் டக்கென்று வந்து நின்றான். ரங்கசாமி எச்சில் வழியச் சிரித்து, நாற்காலிக் கையைத் தட்டினார். அடுத்த சுற்றுக்கு அவர் எத்தனை ஆசையோடு கழுத்தை நீட்டினார் என்பதை அவள் பார்த்தாள். அமுக்கவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை. இரவு நன்றாகத் தூங்கினாள்.

போகப் போக அவளுக்குக் கை நன்றாகப் படிந்துவிட்டது. சோற்றைத் துப்பினால் அன்று கேட்கீப்பருக்கு லீவு. பாசில் வந்து கையைத் தூக்கச் சொல்லும்போது ஒழுங்காகத் தூக்கினால் ஒரு தடவை வருவான். எப்போது வருவான், எதற்கு வருவான் என்று ரங்கசாமிக்குப் பிடிபடவே கூடாது என்பதற்காக, நடுநடுவே காரணமில்லாமல் வரவிட்டாள், காரணமில்லாமல் நிறுத்தினாள். அவரும் என்னென்னவோ பண்ணிப் பார்த்தார். ரயிலை மெதுவாக ஓட்டினார். வேகமாக ஓட்டினார். கேட்டுக்கு நேராக நிறுத்திவைத்துக் காத்திருந்தார். மேஜையைத் தட்டினார். கடைசியில் இடது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து கும்பிட்டார். கூப்பிடு தூரத்தில் கிடக்கிற ரங்கநாதரை ஏகாதசிக்குக் கூடப் போய்க் கும்பிடாதவர், தகர ஆளைக் கும்பிட்டார். வள்ளிக்கண்ணு தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் இளைத்தார். விடிந்தும் விடியாமலும் ரயில் அறைப் பக்கம் கையைக் காட்ட ஆரம்பித்தார். பாசில், "ஐயா முன்னாடியை விட நல்லா ஒத்துழைக்கிறாரும்மா, உங்க கவனிப்புதான்" என்று அவளைப் பாராட்டினான். அற்புதசாமி ஒருநாள் போன் பண்ணி, "அமுக்குறீங்களாம்மா?" என்றார். "அமுக்குறேன் சார்" என்றாள். "நான் சொன்னேன்ல!" என்று அவர் சந்தோஷப்பட்டார். பொய்யில்லை. அமுக்கத்தான் செய்தாள்.

ஒன்று சொல்லவேண்டும். அவளிடம் ஒரு அளவு இருந்தது. அவர் ரொம்பவும் தளர்ந்துபோய்த் தலை தொங்குகிற நிலைக்கு வந்தால் அமுக்கிவிடுவாள். அவர் அழுதால் அமுக்கிவிடுவாள். ஸ்விட்ச் தன் கையில் இருப்பதை அவருக்குத் தெரியவிட்டதே இல்லை. தகர ஆளுக்குத்தான் தன்மேல் ஏதோ கோபம் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தாள். இது கருணை இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனால் ஒரு வரம்பு.

ஒரு சனிக்கிழமை பானுப்ரியா வந்தாள். வந்தவள் குளித்து, சாப்பிட்டு, "எங்க, அந்த கேட்கீப்பரைக் காட்டுங்க பாப்போம்" என்று அப்பாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ரயில் அறைக்குப் போனாள். வள்ளிக்கண்ணு வழக்கமான முக்காலியில் உட்கார்ந்தாள். மகள் முன்னால் இன்றைக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் வரவிட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். முதல் சுற்றுக்கு வந்தான். இரண்டாவதுக்கு வந்தான். ரங்கசாமிக்கு நம்பவே முடியவில்லை. மகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு சிரிப்பை வள்ளிக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. மூன்றாவது சுற்றுக்கு விரல் தானாக எழுந்துவிட்டது.

ரயில் போனது. கதவு திறக்கவில்லை. ரங்கசாமியின் முகம் அணைந்தது.

பானு கதவைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் இறங்கிய ஒயரைப் பார்த்தாள். அது தரையோடு ஓடி அம்மாவின் தலைப்புக்குள் போவதைப் பார்த்தாள்.  கத்தப்போகிறாள், இனி இந்த ஜென்மத்துக்கு முகத்தில் விழிக்கமாட்டாள் என்று வள்ளிக்கண்ணு நினைத்தாள்.

பானு பக்கத்தில் வந்து, அம்மாவின் மடியிலிருந்து அந்த ஸ்விட்சை எடுத்துக்கொண்டாள். அழுத்திப் பார்த்தாள், விட்டாள். ரயில் வந்துகொண்டிருந்தது. கட்டைவிரலை அதன்மேல் சும்மா வைத்துக்கொண்டு நின்றாள்.

ரயில் போனது. கேட்கீப்பர் வரவில்லை.

"பானு..." என்றாள் வள்ளிக்கண்ணு.

"எத்தனை நாளா பண்றே?"

"கொஞ்ச நாளாத்தான். ஆனா நான் விடுவேன்டி. சுத்திச் சுத்தி ஓஞ்சு போனார்னா விட்டுருவேன்."

"ஏன் விடுறே?"

 போனில் அப்பா பாவம் அப்பா பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்ணா இது என்று வள்ளிக்கண்ணு பார்த்தாள். பானுவின் முகத்தில் கோபம் இல்லை, கண்ணில் தண்ணீர் இல்லை. கணக்குப் பாடம் போடுகிற பிள்ளையைப் போல கவனமாக ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹாஸ்டலுக்குப் போன அன்னிக்கு சொல்லிட்டுப் போறதுக்கு இந்த வாசல்ல வந்து நின்னேன். ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்தான். அப்பான்னு கூப்ட்டேன். திரும்பியே பாக்கல. சொல்லாமத்தான் போனேன். நீ தெரு வாசல்ல பையைத் தூக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தே, உனக்குத் தெரியாது." பேச்சு முழுவதும் ஒரே குரலில் இருந்தது. "பஸ்ல அழுதுக்கிட்டே போனேன். எனக்கு அப்ப என்ன வயசு, பதினேழா?"

"விடுடி. முடியாத மனுஷன். குடு இங்க."

"இரும்மா."

ரயில் மறுபடி வந்து மறுபடி போனது. ரங்கசாமியின் இடது கை நெஞ்சுக்குப் போனது. கதவைப் பார்த்துத் தலை குனிந்தார்.

"என்ன பண்றாரு?"

"கும்பிடுறாரு" என்றாள் வள்ளிக்கண்ணு. சொல்லும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதைப் பார்த்து நேற்றுச் சிரித்தவள் அவள்தான்.

"அவனை ஏன் கும்பிடணும்?" பானு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து அப்படியே திருப்பினாள். ரங்கசாமியின் இடது கண் பக்கம் இப்போது மகள் இருந்தாள். "அப்பா, இங்க பாருங்க. அவன் கையில ஒண்ணும் இல்லை. இது இருக்குல்ல, இதை அமுக்குனாத்தான் அவன் வருவான். அம்மாதான் இத்தனை நாளும் வச்சிருந்தா. இப்ப எங்கிட்ட இருக்கு."

அமுக்கிக் காட்டினாள். முதுகுக்குப் பின்னால் ரயில் கேட்டைத் தாண்டும் சத்தமும், டக்கென்று கதவு திறக்கும் சத்தமும் சேர்ந்து கேட்டன. விட்டாள்.

"புரியுதாப்பா?"

புரிந்துவிட்டது. புத்தி மழுங்காத மனுஷன். அவருடைய கண் ஸ்விட்சிலிருந்து மகளின் முகத்துக்குப் போயிற்று, அங்கிருந்து மெதுவாகத் திரும்பி, மனைவியைத் தேடிப் பிடித்தது. வள்ளிக்கண்ணு அந்தப் பார்வையைப் பார்க்கமாட்டாமல் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷமும் அவர் தன்னை நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று ஏங்கியவள்தான். இப்படிப் பார்க்கவேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

பிறகு அவர் இடது கையை நெஞ்சிலிருந்து எடுத்து, மகளைப் பார்த்து நீட்டினார்.  வாயிலிருந்து நாய்க்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பானு அமுக்கவில்லை. அமுக்காமல், அந்தக் கையையும் விலக்காமல், பார்த்துக்கொண்டு நின்றாள். குமிழைத் திருக யாரும் இல்லாமல் ரயில் அதுபாட்டுக்குச் சுற்றியது.

"அடியே, போதும்டி. உன் காலைத் தொட்டுக் கும்பிடுறேன், ஒரு தடவை அமுக்கு."

"உனக்கென்னம்மா அவசரம்?"

வள்ளிக்கண்ணு எழுந்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். பானு சிரமமே இல்லாமல் கையை உயரத் தூக்கிக்கொண்டாள். வள்ளிக்கண்ணுவுக்கு எட்டவில்லை. அவள் மேஜைப் பக்கம் ஓடினாள். தகர வீட்டின் கதவில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். ஸ்பிரிங் புதுசு, விறைப்பாக இருந்தது. நகம் மடங்கி வலித்தது. இரண்டு விரலையும் நுழைத்து, கேட்கீப்பரின் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தாள். காக்கிச் சட்டையும் மீசையுமாக அவன் வெளியே வந்தான். விட்டால் உள்ளே போய்விடுவான் என்று பிடித்துக்கொண்டே நின்றாள்.

"என்னங்க, வந்துட்டான் பாருங்க. இங்க பாருங்களேன். உங்க ஆளு வந்துட்டான்."

நாற்காலியை அவன் பக்கம் திருப்ப அவளிடம் இன்னொரு கை இருந்தது. கால் நீட்டிச் சக்கரத்தை உந்தி, அவரைக் கேட்டுக்கு நேராகக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு சாண் தூரத்தில் கேட்கீப்பர் விளக்கோடு நின்றான். ரங்கசாமி அவனைப் பார்க்கவில்லை. கழுத்து நோகத் திரும்பி, பின்னால் நின்ற மகளின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்களேன்" என்று வள்ளிக்கண்ணு மறுபடியும் சொன்னாள். 

"கையை எடும்மா" என்றாள் பானு. "பெயிண்ட் உரிஞ்சிரும்."